பட்டறை பதில்கள்: ஆறாம் தளத்தில் கருகிய கிளட்ச்

கேள்வி: அண்ணா, துபாயில் சின்னதாக ஒரு ஏசி மெயின்டனன்ஸ் கம்பெனி நடத்துகிறேன். ஊர் கும்பகோணம் பக்கம். பள்ளிக்கூட நாளில் சுவரில் ஒட்டி வைத்திருந்த படத்தை ஒருநாள் வாசலில் நிறுத்த வேண்டும் என்று வெறி. போன டிசம்பரில் 2007 மாடல் லம்போர்கினி கல்லார்டோ வாங்கிவிட்டேன். 41,000 கிலோமீட்டர் ஓடியது, ஈ-கியர். அல் நஹ்தாவில் எங்கள் பில்டிங்கில் ஆறாம் தளத்தில் பார்க்கிங். மூன்றாவது மாதம் ஏறும்போது கருகல் வாடை வந்தது. ஒரு வாரத்தில் கியரே விழவில்லை. ரிக்கவரி வண்டியில் ஏற்றி கராஜுக்கு அனுப்பினேன். எஸ்டிமேட் 38,500 திர்ஹாம்: கிளட்ச் செட் 16,500, ஃப்ளைவீல் 7,000, ஈ-கியர் பம்ப் 6,500, லேபர் 8,500. ஷார்ஜாவில் பழைய கிளட்ச் 5,000-க்கு வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு நண்பர். மனைவி, இருக்கிற நிலையிலேயே விற்றுவிடச் சொல்கிறாள். அடுத்த டேர்ம் ஸ்கூல் ஃபீஸுக்கு எடுத்து வைத்த பணம் இருக்கிறது. அதை எடுத்துப் போடலாமா? ராத்திரி தூக்கமில்லை.
— வாசகர், துபாய்

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஸ்கூல் ஃபீஸில் கை வைக்காதீர்கள். கிரெடிட் கார்டிலும் போடாதீர்கள். மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி போகிற கடனை வைத்துச் சரிசெய்த வண்டியில் உட்கார்ந்தால் சந்தோஷம் வராது. வண்டி நிற்கட்டும். நிற்கிற வண்டி தின்பது இடத்தை மட்டும்தான். பேட்டரிக்கு சார்ஜ் இறங்காமல் காக்கிற மெயின்டெய்னர் மாட்டி, மூடி வைத்துவிட்டு, நிதானமாக யோசிக்கலாம். கராஜ்காரர் நெருக்கினால் வண்டியை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், ரிக்கவரிக்கு ஒரு முன்னூறு நானூறு திர்ஹாம் போனால் போகட்டும்.

இனி வண்டிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குத் தேவையான தகவல் 'ஆறாம் தளம்' என்பதுதான். 1996-லிருந்து 23 வருஷம் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இந்த மாதிரி வண்டிகளுக்குக் கீழே படுத்தே காலம் போக்கியவன் நான். ஈ-கியர் வண்டி கிளட்ச் கருகி வந்தால் நான் கேட்கிற முதல் கேள்வியே 'எங்கே பார்க் பண்ணுகிறீர்கள்?' என்பதுதான்.

ஈ-கியரை நிறையப் பேர் ஆட்டோமேட்டிக் என்று நினைத்து ஓட்டுகிறார்கள். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச். பெடலை மிதிக்கிற வேலையை மட்டும் உங்கள் காலிடமிருந்து வாங்கி ஹைட்ராலிக் அழுத்தத்திடம் கொடுத்திருக்கிறார்கள். எப்போது மிதிக்க வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. சமதளத்தில் வேகமாகப் போகும்போது இது அருமையாக வேலை செய்யும். ஏற்றத்தில், முன்னால் ஒரு வண்டி நின்று நின்று போகும்போது, நீங்கள் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டுப் பிடித்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த நேரம் முழுக்க கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் தேய்ந்துகொண்டே இருக்கிறது. கால் பெடலில் இருந்தால் அது உங்களுக்கு உறைத்திருக்கும். இதில் உறைக்காது, வாடை வந்த பிறகுதான் தெரியும். உங்களுக்கு ஆறு தளம், ஒரு நாளைக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ. மேலே போனதும் தூணுக்குப் பக்கத்தில் ரிவர்ஸ் எடுத்து, முன்னே பின்னே ஊர்ந்து நிறுத்துவது வேறு. கிளட்சை அதிகம் தின்பது இந்த ரிவர்ஸ்தான். ஒரே மாடல் வண்டி ஒருவர் கையில் 30,000 கிலோமீட்டர் தாங்கி, இன்னொருவர் கையில் 9,000-த்தில் முடிந்ததை நானே பார்த்திருக்கிறேன். இருவரும் நல்ல டிரைவர்கள். ஒருவர் வில்லாவில் இருந்தார், இன்னொருவர் டவரில் இருந்தார்.

அதற்காக மூன்று மாதத்தில் நீங்களே முழுக் கிளட்சையும் கொன்றுவிட்டீர்கள் என்று நினைத்து மனசைப் போட்டு உழற்ற வேண்டாம். வாங்கும்போதே அது முக்கால்வாசி தேய்ந்திருக்கும். சரியான ஸ்கேனரை மாட்டினால் கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று இந்த வண்டியின் கம்ப்யூட்டரே சொல்லும். வாங்குவதற்கு முன் இதை எடுத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். நீங்கள் பார்க்கவில்லை. அடுத்த முறை பாருங்கள்.

இப்போது அந்த எஸ்டிமேட். நான்கு வரியில் இரண்டு வரிதான் உண்மை, மற்ற இரண்டும் ஊகம். ஃப்ளைவீல் என்பது கிளட்ச் வந்து பிடிக்கிற கனமான சக்கரம், கியர்பாக்ஸ் இறக்காமல் அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பின் பம்பர், சைலன்சர் எல்லாம் கழற்றி, கியர்பாக்ஸைப் பின்னுக்கு இழுத்து இறக்கிய பிறகுதான் அதன் முகம் தெரியும். நீலம் பாய்ந்திருக்கிறதா, மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். திறக்கும் முன்பே 7,000 எழுதியது எப்படி என்று கேளுங்கள். பம்புக்கும் அப்படியே. 'பிரஷர் ரீடிங் எவ்வளவு காட்டியது?' என்று கேளுங்கள். ரீடிங் இல்லாமல் பம்ப் மாற்றச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். பெரும்பாலும் பம்ப் நன்றாகவே இருக்கும். அதற்குத் துணையாக இருக்கிற அக்யுமுலேட்டர், அதாவது அழுத்தத்தைச் சேமித்து வைக்கிற உருண்டை, உள்ளே கேஸ் குறைந்து போய்விடும். அப்போது பம்ப் ஓயாமல் ஓடும். சில நேரம் பம்புக்கான ரிலே ஒட்டிக்கொள்ளும், அது மிகச் சின்ன விலை. டிரைவர் கதவைத் திறந்ததும் பின்னால் 'ஊங்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் பம்ப். அது எத்தனை விநாடியில் நிற்கிறது, மறுபடி எப்போது ஓடுகிறது என்று ஒரு வாட்சை வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும்.

இந்த இரண்டு வரியும் தேவையில்லை என்று தெரிந்தால் பில் 38,500-லிருந்து 25,000-க்கு இறங்கிவிடும். ஆனால் அந்த எஸ்டிமேட்டில் இருக்க வேண்டிய இரண்டு சாமான்களைக் காணவில்லை: கிளட்சை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங், ஆயில் கசியாமல் காக்கிற என்ஜின் பின்பக்க ஆயில் சீல். கிளட்ச் செட்டிலேயே பேரிங் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வண்டிக்கு கிளட்ச் மாற்றினேன். பழைய பேரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்தேன், சத்தமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று அதையே மாட்டினேன். நாலாவது மாதம் அந்த பேரிங் போய், மறுபடி முழு கியர்பாக்ஸையும் இறக்க வேண்டியதாயிற்று. அந்த லேபர் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது, அது நியாயம்தான். ஆனால் அந்த வண்டிக்காரர் ஒன்றும் சொல்லாமல் வாசலில் நின்றிருந்த முகம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இறக்கிய இடத்தில் இருக்கிற சின்னச் சாமான்களை அப்போதே மாற்றிவிட வேண்டும்.

புதுக் கிளட்ச் போட்டபின், அது எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்று ஸ்கேனரால் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த ஸ்கேனர் அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கராஜ் வேண்டாம். மாட்டுவது எல்லாருக்கும் வரும், இந்தச் சரிப்படுத்தல் எல்லாருக்கும் வராது. இதைச் செய்யாமல் வெளியே வந்த வண்டி புதுக் கிளட்சையும் சீக்கிரமே தின்றுவிடும்.

5,000 திர்ஹாம் பழைய கிளட்ச் வேண்டவே வேண்டாம். நண்பர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஷார்ஜாவில் கதவு, பானட், சீட், விளக்கு என்று எவ்வளவோ நல்ல பழைய சாமான் கிடைக்கும், நானே எத்தனையோ வண்டிக்கு வாங்கிப் போட்டிருக்கிறேன். ஆனால் தேய்வதற்கென்றே செய்த ஒரு பொருளை, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாமல் வாங்கி, அதன் மேல் 8,500 லேபர் கொட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மனைவி சொல்வதற்கு வருகிறேன். தங்கச்சி சொல்வதில் பயம் இருக்கிறது, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கிளட்ச் போன நிலையில் விற்றால், வாங்குகிறவர் கிளட்சை மட்டும் கழிக்க மாட்டார். 'இன்னும் என்னென்ன போயிருக்கோ' என்று பயந்து, அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் விலையைக் குறைப்பார். சரிசெய்து, பில்லையும் பழைய கிளட்சின் போட்டோவையும் கையில் வைத்துக்கொண்டு விற்றால், போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்ப வரும். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: என்ஜினின் பத்து சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், லீக்-டவுன் சோதனை, அதாவது உள்ளே அழுத்தம் சரியாக இருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பது. அதோடு லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் முழுக்க ஒரு பார்வை. என்ஜின் ஆரோக்கியமாக இருந்தால் கிளட்ச் போடுங்கள். என்ஜினிலும் கோளாறு என்றால், அந்த ரிப்போர்ட்டை மறைக்காமல் காட்டி, வந்த விலைக்கு விட்டுவிடுங்கள். அதற்கு மேல் ஒரு திர்ஹாம்கூடப் போட வேண்டாம்.

இந்தச் செலவு ஏன் இப்படி மலைப்பாக இருக்கிறது என்று எழுதியவர்கள் இதற்கு முன்பும் உண்டு. கல்லார்டோ 2003 முதல் 2013 வரை மொத்தமே 14,022 வண்டிதான் செய்யப்பட்டது. நம் ஊரில் மாருதி ஆல்ட்டோ நல்ல காலத்தில் ஒரே மாதத்தில் இதைவிட அதிகம் விற்றிருக்கிறது. அவ்வளவு குறைவான வண்டிக்கு உதிரி செய்தால் ஒவ்வொன்றின் விலையும் அப்படித்தான் இருக்கும். வண்டியின் விலை வருஷா வருஷம் இறங்கி, உங்களுக்கும் எனக்கும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. உதிரியின் விலை அதோடு சேர்ந்து இறங்கவில்லை. ஒரே ஆறுதல், 1998 முதல் லம்போர்கினி ஆடியின் கையில் இருப்பதால், ஏசி பேனல், சுவிட்சு போன்ற சிலவற்றைக் கழற்றினால் அதில் ஆடி முத்திரை இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி ஆடி உதிரிக் கடையில் விலை கேளுங்கள்.

இனி மாதம் 1,500 திர்ஹாமைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். முல்கியா, அதாவது வண்டிப் பதிவு, புதுப்பிக்கிற மாதம் அதைத் தொடலாம். ஐந்து வருஷம் தாண்டிய டயர் பாஸிங் என்கிற வண்டிச் சோதனையில் நிற்காது, அதையும் இந்தக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம். முக்கியமாக, பில்டிங் நாத்தூரிடம் (காவலாளியிடம்) பேசி, காசு கொடுத்தாவது கீழ்த்தளத்தில் ஓர் இடம் பிடியுங்கள். மூக்கை வெளியே பார்த்து நேராக எடுக்கிற இடமாக இருக்கட்டும். கிடைக்கவில்லை என்றால், புதுக் கிளட்ச் போடுவதற்கு முன்பே விற்பதா வைத்திருப்பதா என்று தங்கச்சியோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: நான் நியூஜெர்சியில் டாக்டர், வயது 66. என்னிடம் 1998 ஃபெராரி எஃப்355 இருக்கிறது. 2017-ல் டைமிங் பெல்ட் மாற்றினோம். அதற்குப் பிறகு 1,900 மைல்தான் ஓடியிருக்கிறது. மெக்கானிக் மறுபடி பெல்ட் என்கிறார், தொகையைக் கேட்டு அசந்துவிட்டேன். ஓடாத வண்டிக்கு எதற்கு?
— வாசகர், நியூஜெர்சி

பதில்: டாக்டர் ஐயா, மெக்கானிக் சரியாகத்தான் சொல்கிறார். டைமிங் பெல்ட் என்பது வால்வுகளை பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டுகிற ரப்பர் பட்டை. அதற்கு மைலை விட வருஷம்தான் எமன். ஒரே வளைவில் ஒரே இறுக்கத்தில் மாதக்கணக்காக நிற்கிற பெல்ட், ஓடுகிற பெல்ட்டைவிட மோசமாகக்கூட ஆகலாம். மூன்று வருஷம் என்பவர் உண்டு, ஐந்து என்பவர் உண்டு. நான் ஐந்தைத் தாண்ட விட்டதில்லை. இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். 3.5 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வு, அதனால்தான் அந்த 355 என்ற பெயரே. எட்டு சிலிண்டருக்கு நாற்பது வால்வு. அத்தனையும் வளைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

தொகை ஏன் அவ்வளவு என்றால், பெல்ட்டின் விலை கொஞ்சம்தான். என்ஜினில் பெல்ட் இருக்கிற முன்பக்கம் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தடுப்புச் சுவரை ஒட்டி இருக்கிறது, கை போகாது. என்ஜினை கியர்பாக்ஸ், சப்ஃபிரேமோடு சேர்த்துக் கீழே இறக்கித்தான் மாற்ற வேண்டும். நீங்கள் பணம் கொடுப்பது அந்த இறக்கி ஏற்றும் வேலைக்கு. அதனால் ஒரே இறக்கத்தில் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸும், வால்வு கவர் கேஸ்கெட்டும். என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கிற எக்ஸாஸ்ட் ஹெடரை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இந்த மாடலில் அது வெடிப்பது பேர்போன குறை. மேலே வெப்பக் கவசம் மூடியிருப்பதால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடானதும் மறைந்தால் சந்தேகப்படுங்கள். ஆரம்பகால 355-களில் வால்வு நேராக ஏறி இறங்கப் பிடித்திருக்கிற வால்வு கைடு சீக்கிரம் தேய்ந்தது. என்ஜின் இறங்குவதற்கு முன்பே லீக்-டவுன் எடுத்துவிடச் சொல்லுங்கள். பெல்ட் போட்டு ஏற்றிய பிறகு அதைக் கண்டுபிடித்தால் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

மாதம் ஒரு தடவையாவது, பனி இல்லாத நாளில், ஆயில் முழுக்கச் சூடாகும் வரை ஓட்டுங்கள். வெறுமனே ஸ்டார்ட் செய்து நிறுத்துவதைவிட அது நல்லது.

கேள்வி: சென்னையில் போர்ஷே 911 டர்போ வைத்திருக்கிறேன், மஞ்சள் காலிப்பர் உள்ள செராமிக் பிரேக். காலையில் ஈசிஆரில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கிறீச்சிடுகிறது. பார்த்த இடத்தில் நாலு டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், அதில் ஒரு நல்ல புதுக் காரே வாங்கலாம்.
— வாசகர், சென்னை

பதில்: கிறீச் சத்தத்துக்காக யாரும் செராமிக் டிஸ்க் மாற்ற வேண்டியதில்லை. கடற்காற்றின் ஈரம் ராத்திரி படிந்து, குளிர்ந்த பேடோடு காலையில் உரசும்போது கத்தும். நாலு பிரேக்கில் அடங்கிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

டிஸ்க் தேய்ந்ததா இல்லையா என்பதை நிறுத்துத்தான் சொல்ல வேண்டும். தராசில் வைத்து நிறுப்பதைத்தான் சொல்கிறேன். இரும்பு டிஸ்க் தடிமனில் குறையும், அதை அளந்தால் போதும். செராமிக்கில் தடிமன் பெரிதாக மாறாது. உள்ளே இருக்கிற கார்பன் நார் சூட்டில் எரிந்து எடை குறையும். டிஸ்க்கின் நடுப்பகுதியிலேயே குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். நாலையும் கழற்றிச் சுத்தம் செய்து நிறுத்து, அந்த எண்ணோடு ஒப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு ஓரங்களில் உடைந்த சில்லு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரம் மாற்றும்போது வீல் தவறி டிஸ்க்கில் இடித்தால் சில்லு பெயரும். அதனால் பஞ்சர் கடையில் கழற்ற விடாதீர்கள், கைடு பின் வைத்துக் கழற்றத் தெரிந்தவர் மட்டும் தொடட்டும். எடையும் ஓரமும் சரியாக இருந்தால் வேண்டியது பேட் மட்டும்தான்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டுகிறவரா நீங்கள்? எழுதவில்லை. அப்படியென்றால் எடை குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. டிராக்குக்கு மட்டும் இரும்பு டிஸ்க் மாட்டி, செராமிக்கைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறவர்கள் நிறைய உண்டு. விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுத்தால் விலை விழாது.

கேள்வி: வணக்கம் ஐயா. லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் 2005 மசராட்டி குவாட்ரோபோர்ட்டே ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். சாதாரண செகண்ட் ஹேண்ட் டொயோட்டா விலைதான். 'குடும்பத்தோடு போகலாம், நாலு கதவு இருக்கு' என்கிறார். சம்மதிக்கலாமா?
— வாசகி, லண்டன்

பதில்: அம்மா, நாலு கதவு என்பது உண்மைதான், இத்தாலிய மொழியில் அந்தப் பெயருக்கே அதுதான் பொருள். ஆனால் 2005 வண்டிக்குச் சம்மதிக்காதீர்கள். அதில் இருப்பது டூவோசெலக்ட் கியர்பாக்ஸ். மேலே துபாய் தம்பி பட்ட பாட்டைப் படித்திருப்பீர்கள், இதுவும் அதே இனம். லண்டன் டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் பில் வந்துகொண்டே இருக்கும். 2007-லிருந்து இசட்எஃப் கம்பெனியின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. ஆசை தணியவில்லை என்றால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். நிஜமான ஆட்டோமேட்டிக், ஊர்ந்தால் தாங்கும். இந்த என்ஜினில் கேம், அதாவது வால்வைத் திறக்கிற தண்டு, செயினில் ஓடுகிறது, ஃபெராரி 355 மாதிரி பெல்ட் செலவு கிடையாது.

அவர் சரியென்றால், நீங்கள் வீட்டிலிருந்தே இரண்டு காரியம் செய்யலாம். வண்டியின் நம்பரைப் போட்டு அரசாங்க இணையதளத்தில் எம்ஓடி, அதாவது வருஷாந்திரச் சோதனை, வரலாற்றை எடுங்கள், காசு கிடையாது. ஒவ்வொரு வருஷமும் எத்தனை மைல், எதில் ஃபெயில், எங்கே துரு என்று வரிசையாக இருக்கும். அதே நம்பரை யூலெஸ், அதாவது புகை அதிகம் விடுகிற வண்டிக்கு லண்டனில் போடுகிற கட்டணம், அதன் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள். தேறாத வண்டி என்றால் வெளியே எடுக்கிற ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரை பவுண்ட், 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க. வாங்குகிற விலையில் பாதியையாவது ரிப்பேருக்கென்று ஒதுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அது கையில் இல்லையென்றால் இந்த வருஷம் வேண்டாம், இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளட்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது முதல் சில விநாடி கலகலவென்று இரும்புச் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். கேம் டைமிங்கை மாற்றுகிற வேரியேட்டர் தேய்ந்திருந்தால் அப்போதுதான் தெரியும், சூடான என்ஜினில் அந்தச் சத்தம் மறைந்துவிடலாம். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.